இலை தைக்கும் குருவி!

கொல்லையில் கத்தரி, வெண்டை போட்டிருக்கிறீர்களா? காலையில் தண்ணீர் ஊற்றும்போது சற்று நின்று பாருங்கள். ஓயாமல் கத்திக்கொண்டு ஒரு சின்னக் குருவி வரும். முதுகு பச்சை, நெற்றி செம்மண் நிறம், வால் மேலே தூக்கியிருக்கும். அதுதான் தையல்சிட்டு.

அலகுதான் அதற்கு ஊசி! அகன்ற இலையின் ஓரங்களில் துளை போட்டு, பஞ்சையும் சிலந்தி நூலையும் இழுத்துத் தைத்துவிடும். அந்தப் பைக்குள் பஞ்சு மெத்தை. அதில் 3, 4 முட்டைகள். இலை பச்சையாகவே இருப்பதால் பூனைக்கும் காக்கைக்கும் எளிதில் தெரியாது.

குஞ்சு பொரித்துவிட்டால் தாய்க்கும் தகப்பனுக்கும் ஓய்வே கிடையாது. நாள் முழுவதும் புழு பூச்சி பிடித்து ஊட்டும். காய்க்குள் புகுந்த புழுவை எடுக்க அதனால் ஆகாது. இலைப் புழு தப்பாது.

மருந்து அடிக்க ஓடாதீர்கள். மருந்து பட்ட புழுவைக் குஞ்சு தின்றால் என்ன ஆகும்? கையால் பொறுக்கிப் போடுங்கள். தைத்த இலை தென்பட்டால் கிள்ள வேண்டாம். முட்டையிட்டுக் குஞ்சு பறக்க சுமார் 4 வாரம்தான்.