மூலிகைத் தேநீரில் ஒளிந்திருக்கும் சுவைகள்

(பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு)

இனிப்பு, புளிப்பு, உவர்ப்பு, கார்ப்பு, கைப்பு, துவர்ப்பு எனச் சுவை ஆறு என்று சிறு வகுப்பிலேயே படித்திருக்கிறோம். சர்க்கரை போட்டால் இனிக்கும், எலுமிச்சை பிழிந்தால் புளிக்கும் என்பதும் எல்லோரும் அறிந்ததே. ஆனால் ஒரு சிட்டிகை சர்க்கரைகூடப் போடாமல் இனிக்கும் பானம் உண்டு. எலுமிச்சை பிழியாமலே அதில் எலுமிச்சை மணக்கும். கிராம்பு இல்லாமலே கிராம்பு மணக்கும். சுடச்சுடக் குடிக்கும்போதே வாய் குளிரும். இவை அனைத்தும் ஒரே குவளையில் கிடைக்கும் என்றால் நம்புவீர்களா?

எங்கள் பள்ளி அறிவியல் கண்காட்சிக்காக நாங்கள் ஒரு மூலிகைத் தேநீர் தயாரித்தோம். அதைச் சுவைத்தபோது எங்கள் மனத்தில் பல கேள்விகள் எழுந்தன. அவற்றிற்கு நாங்கள் தேடிக் கண்ட விடைகளே இக்கட்டுரை.

தேநீரா? குடிநீரா?

முதலில் பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. நீலகிரியிலும் அசாமிலும் இலங்கையிலும் பயிராகும் தேயிலை ஒரே இனச் செடியே. நாம் பால் ஊற்றிக் குடிக்கும் தேநீரும், பச்சைத் தேநீர் எனப்படுவதும் அச்செடியின் இலைகளிலிருந்து வருபவைதாம். எங்கள் பானத்திலோ தேயிலை ஒன்றுகூட இல்லை. ஆகவே அதைத் தேநீர் என்பது வழக்கில் வந்த பெயரே. சித்த மருத்துவத்தில் இவ்வாறு காய்ச்சி எடுப்பதைக் 'குடிநீர்' என்பர். நம் வீடுகளில் அது 'கஷாயம்'.

செய்முறை எளிது. ஒரு லிட்டர் தண்ணீரில் தட்டிய அதிமதுரத் துண்டு ஒன்றும், தட்டிய சுக்குத் துண்டு ஒன்றும் போட்டுப் பத்து நிமிடம் கொதிக்கவிட்டோம். அடுப்பை அணைத்த பிறகு ஒரு கைப்பிடி துளசி, நறுக்கிய எலுமிச்சைப் புல், மென்தால் மிகுந்த புதினா வகை ஒன்றின் உலர்ந்த இலை ஆகியவற்றைச் சேர்த்து, ஐந்து நிமிடம் மூடி வைத்தோம். வேரும் சுக்கும் கடினமானவை. அவற்றின் சாரம் இறங்குவதற்கு நல்ல கொதி வேண்டும். இலைகளின் மணமோ எளிதில் ஆவியாகும் எண்ணெயில் இருக்கிறது. திறந்து வைத்துக் கொதிக்கவிட்டால் மணம் சமையலறை எங்கும் பரவுமே தவிர, குவளையில் தங்காது.

தயாரித்தவர்கள் மூவர். என்னென்ன போட்டோம் என்று சொல்லாமல் தோழியர் பன்னிருவருக்கு அதைக் கொடுத்தோம். ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல், தமக்குத் தெரிந்த சுவைகளை எழுதித் தரும்படி கேட்டோம். தாள்களைப் பிரித்தபோது எங்களுக்குச் சிரிப்பும் வியப்பும் ஒருங்கே வந்தன. பலர் 'சர்க்கரை' என்று எழுதியிருந்தனர். 'எலுமிச்சைச் சாறு' என்றும் 'கிராம்பு' என்றும் சிலர் எழுதியிருந்தனர். ஒருத்தி 'பல்பசை' என்றே எழுதிவிட்டாள்! இவற்றில் எதையும் நாங்கள் போடவில்லை. பின் எங்கிருந்து வந்தன இச்சுவைகள்?

மூக்கும் சேர்ந்தே சுவைக்கிறது

நாவிலுள்ள சுவை மொட்டுகள் அறியும் அடிப்படைச் சுவைகள் ஐந்து என இன்றைய விஞ்ஞானம் கூறுகிறது. இனிப்பு, புளிப்பு, உவர்ப்பு, கைப்பு ஆகிய நான்கு நாம் அறிந்தவை. ஐந்தாவது 'உமாமி'. கடற்பாசிச் சாற்றிலிருந்து 1908-இல் இதனைக் கண்டறிந்தவர் ஜப்பானிய விஞ்ஞானி கிகுனே இகேடா. நாவின் நுனி இனிப்பை மட்டும் அறியும், அடிநாக்கு கசப்பை மட்டும் அறியும் என்று பழைய புத்தகங்களில் படம் போட்டிருப்பார்கள். அது சரியன்று. சுவை மொட்டுகள் உள்ள எல்லா இடங்களும் எல்லாச் சுவைகளையும் அறியும்.

அப்படியானால் நாம் அன்றாடம் அறியும் நூற்றுக்கணக்கான ருசிகள் எங்கிருந்து வருகின்றன? பெரும்பாலும் மூக்கிலிருந்துதான். நம் வாயின் பின்புறம் மூக்கோடு இணைந்திருக்கிறது. விழுங்கும்போது உணவின் மணம் அவ்வழியாக மேலே ஏறுகிறது. மூளை அந்த மணத்தையும் நாவின் சுவையையும் ஒன்றாக்கி 'ருசி' என்று நமக்குக் காட்டுகிறது. மணங்களைப் பிரித்தறிய நம் மூக்கில் சுமார் 400 வகை ஏற்பிகள் உள்ளன. இவ்வேற்பிகளை 1991-இல் கண்டறிந்த லிண்டா பக் என்ற பெண் விஞ்ஞானியும் ரிச்சர்டு ஆக்செலும் 2004-இல் நோபல் பரிசு பெற்றனர். ஜலதோஷம் பிடித்தால் சாதம் ருசிக்காததற்கும், 2020-இல் கொரோனா பரவியபோது மணம் தெரியாமற்போன பலர் "சாப்பாட்டில் ருசியே இல்லை" என்று வருந்தியதற்கும் காரணம் இதுவே.

இதை நாங்களே சோதித்துப் பார்த்தோம். மூக்கை விரல்களால் மூடிக்கொண்டு ஒரு மிடறு குடித்தோம். எலுமிச்சையும் இல்லை, கிராம்பும் இல்லை! வெறும் இனிப்பும் காரமுமே தெரிந்தன. விரல்களை எடுத்தவுடன் இரண்டும் ஓடி வந்துவிட்டன. எலுமிச்சைப் புல்லில் 'சிட்ரால்' என்ற எண்ணெய்ப் பொருள் மிகுதி. எலுமிச்சைத் தோலிலும் அது உண்டு. ஆனால் பழத்தைப் புளிக்கச் செய்யும் சிட்ரிக் அமிலத்தின் புளிப்பு புல்லில் இல்லை. ஆதலால்தான் மணம் இருந்தும் புளிப்பு இல்லை. துளசியில் இருப்பது 'யூஜினால்'. கிராம்பு எண்ணெயின் முக்கியப் பொருளும் அதுவே. பல்வலிக்குக் கிராம்புத் தைலம் தடவியவர்கள் அம்மணத்தைத் துளசியிலும் அடையாளம் கண்டுகொள்வார்கள்.

வாயில் சூடும் குளிரும்

மூக்கை மூடியபோதும் மறையாமல் நின்றது சுக்கின் காரம். ஏனெனில் காரம் மணமும் அன்று. விஞ்ஞானத்தின்படி சுவையும் அன்று. அது சூட்டையும் வலியையும் அறியும் நரம்புகள் அனுப்பும் செய்தி. சுமார் 43 டிகிரி செல்சியசுக்கு மேற்பட்ட சூட்டில் விழித்துக்கொள்ளும் ஓர் ஏற்பி நம் நரம்புகளில் இருக்கிறது. மிளகாயின் காரப்பொருள் அதே ஏற்பியைத் தூண்டிவிடுகிறது. 1997-இல் இதனைக் கண்டுபிடித்தது டேவிட் ஜூலியஸ் என்பவரின் குழு. சுக்கின் காரமும் இந்த ஏற்பியையே தூண்டுகிறது. பச்சை இஞ்சியிலுள்ள 'ஜிஞ்சரால்' காயும்போது 'ஷோகால்' என்ற பொருளாக மாறுகிறது. ஜப்பானிய மொழியில் இஞ்சிக்கு 'ஷோகா' என்று பெயர். இஞ்சியைவிடச் சுக்கு காரமாக இருப்பதற்கு இம்மாற்றமே காரணம்.

புதினாவின் கதை இதற்கு நேர்மாறானது. மென்தால், குளிரை அறியும் ஏற்பியைத் தூண்டுகிறது. இது 2002-இல் தெரியவந்தது. பானம் சூடாக இருந்தும் "குளிர்கிறது" என்று நரம்பு செய்தி அனுப்பிவிடுகிறது. என்னே விந்தை! பல்பசைகளிலும் மென்தால் சேர்ப்பதால், அத்தோழி எழுதியதும் நியாயமே. வெப்பத்தையும் தொடுதலையும் அறியும் ஏற்பிகளைக் கண்டறிந்ததற்காக ஜூலியசுக்கும் ஆர்டம் படாபூட்டியனுக்கும் 2021-இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

துவர்ப்பும் இப்படித்தான். பாக்கிலும் கடுக்காயிலும் உள்ள டானின் என்ற பொருள், எச்சிலின் புரதத்தோடு சேர்ந்து வாயின் வழவழப்பைக் குறைக்கிறது. அந்த உலர்ந்த உணர்வையே துவர்ப்பு என்கிறோம். ஆகவே நம் முன்னோர் சொன்ன ஆறில் நான்கு நாவுக்கும், இரண்டு தொடுவுணர்வுக்கும் உரியவை. இதனால் அவர்கள் தவறாகச் சொன்னார்கள் என்று எண்ணலாகாது. வாயில் உணர்வதையெல்லாம் அவர்கள் சுவை என்றனர். விஞ்ஞானம், அது எவ்வழியே வருகிறது என்று பார்த்துப் பிரிக்கிறது. அவ்வளவே.

மெல்ல வரும் இனிப்பு

எல்லோரையும் ஏமாற்றிய இனிப்பு அதிமதுரத்தினுடையது. பெயரிலேயே 'மிகுந்த இனிப்பு' என்ற பொருள் இருக்கிறதல்லவா? அவ்வேரிலுள்ள 'கிளிசிரைசின்' சர்க்கரையைப் போல் 30 முதல் 50 மடங்கு வரை இனிப்புடையது. சர்க்கரையின் இனிப்பு உடனே வந்து உடனே போய்விடும். இது மெல்ல வந்து நெடுநேரம் தங்கும். கசப்பையும் ஓரளவு மறைப்பதால் மருந்துகளிலும் இதைச் சேர்க்கிறார்கள்.

இவ்வேளையில்தான் எங்கள் தோழி ஒருத்தி, "சிஸ்டர், எங்கள் பாட்டிக்கு ஓயாத இருமல். மீதியை அவர்களுக்கு எடுத்துப் போகட்டுமா? தினமும் காய்ச்சிக் கொடுக்கலாம் என்றும் நினைக்கிறேன்" என்று கேட்டாள்.

சிஸ்டர் உடனே, "பாட்டிக்கு இரத்த அழுத்தம் இருக்கிறதா, அம்மா?" என்று கேட்டார்கள். இருக்கிறது, அதற்கு மாத்திரையும் சாப்பிடுகிறார்கள் என்றாள் அவள். "அப்படியானால் டாக்டரைக் கேட்காமல் இதைக் கொடுக்க வேண்டாம்" என்றார்கள் சிஸ்டர். அதன் காரணத்தையும் விளக்கினார்கள்.

அதிமதுரத்தை நாள்தோறும் மிகுதியாக உட்கொண்டால், உடல் உப்பையும் நீரையும் வெளியேற்றாமல் தங்கவைத்துக்கொள்ளும். பொட்டாசியம் குறையும். இரத்த அழுத்தம் உயரும். இதயத் துடிப்பும் சீர்கெடலாம். கிளிசிரைசின் ஒரு நாளைக்கு 100 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என ஐரோப்பிய ஒன்றியத்தின் உணவு விஞ்ஞானக் குழு 2003-இல் வரையறுத்தது. இரத்த அழுத்தம், சிறுநீரக நோய், இதய நோய் உள்ளவர்களும் கருவுற்ற தாய்மாரும் தாமாகவே இதை அருந்தக் கூடாது.

கசப்பு நம்மை எச்சரிக்கும் சுவை. நிலவேம்புக் குடிநீரை யாரும் ஆசைப்பட்டு நான்கு குவளை குடிப்பதில்லை. இனிப்போ எச்சரிப்பதில்லை; இன்னும் கொஞ்சம் என்றே கேட்கத் தூண்டும். எனவே இனிக்கும் மருந்தில் நமக்குக் கூடுதல் கவனம் தேவை.

இனிப்பைத் திருடும் இலை

மற்றொரு நாள் சிறுகுறிஞ்சான் இலையைச் சோதித்தோம். சர்க்கரைக்கொல்லி என்பது இதன் இன்னொரு பெயர். இலையைச் சிறிது மென்று துப்பிவிட்டு, வாயைக் கொப்புளித்து, சர்க்கரையை வாயில் இட்டோம். மணலைத் தின்பது போலவே இருந்தது! இலையிலுள்ள பொருள், நாவில் இனிப்பை அறியும் ஏற்பியோடு ஒட்டிக்கொண்டு அதைச் செயலற்றதாக்கிவிடுகிறது. உப்பும் புளியும் முன்போலவே தெரிந்தன. சிறிது நேரம் கழித்து இனிப்பு மெல்லத் திரும்பியது.

இவ்விலைத் தூளையும் கடைகளில் மூலிகைத் தேநீர் என்று விற்கிறார்கள். இது இரத்தத்தில் சர்க்கரையைக் குறைக்கக்கூடியது. நீரிழிவுக்கு ஏற்கெனவே மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொள்பவர்கள் இதையும் சேர்த்துக் குடித்தால், சர்க்கரை அளவுக்கு மீறிக் குறைந்து மயக்கம் வரலாம். அவர்களும் மருத்துவரைக் கேட்டே அருந்த வேண்டும்.

முடிவுரை

அன்புத் தோழியரே! ஓர் இலை நம் நாவை வியக்கவைக்கிறது என்றால், அதிலுள்ள ஏதோ ஒரு பொருள் நம் உடலில் வேலை செய்கிறது என்று பொருள். அவ்வேலை நாவோடு நின்றுவிடும் என்று எண்ணுவது பேதைமை. 'மூலிகைதானே, என்ன செய்துவிடும்?' என்று பலர் கூறக் கேட்கிறோம். ஒன்றும் செய்யாது என்றால் அது மருந்தாவது எப்படி? அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்ற பழமொழியை நாம் மறத்தல் ஆகாது.

இனிமேல் வீட்டில் மூலிகைத் தேநீர்ப் பொட்டலம் வாங்கினால், அதன் பின்புறம் அச்சிட்டிருக்கும் பொருட்களின் பெயர்களைப் படித்துப் பாருங்கள். தாத்தா, பாட்டி சாப்பிடும் மாத்திரைகளோடு அவை ஒத்துப்போகுமா என்று டாக்டரிடம் கேட்டுச் சொல்லுங்கள். அந்தத் தோழியும் அன்று மாலையே தன் தந்தையிடம் சொல்லி, பாட்டியை டாக்டரிடம் அழைத்துப் போகச் செய்தாள். இருமலுக்கு வேறு மருந்து கிடைத்தது. எங்கள் தேநீரில் அதிமதுரத்தை விட்டுவிட்டு, துளசியும் எலுமிச்சைப் புல்லும் மட்டும் போட்டுப் பாட்டிக்குக் கொடுக்கலாமா என்றும் கேட்டார்களாம். எப்போதாவது ஒரு குவளை குடிக்கலாம் என்று டாக்டர் அனுமதித்தார். பாட்டி குடித்துவிட்டு, "இதில் யார் கிராம்பு போட்டது?" என்று கேட்டார்களாம்!