அரசுப் பத்திரத்தின் வட்டி ஏறுகிறது: நம் பிஎஃப் பணத்துக்கு என்ன ஆகும்?

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இருபது, முப்பது ஆண்டுகள் உழைத்து ஓய்வு பெறும் ஒருவருக்கு, வாழ்நாளில் மொத்தமாகக் கைக்கு வரும் பெரிய தொகை பெரும்பாலும் பிஎஃப் பணம்தான். மகளின் நிக்காஹ், பாதியில் நிற்கும் வீடு, ஹஜ் நிய்யத் என்று எல்லாமே அதை நம்பித்தான் இருக்கும். பணம் வங்கிக் கணக்கில் ஏறியதும் யாராவது ஒருவர் தேடி வந்து சொல்வார்: "பாய், இது அரசாங்கப் பத்திரம். இப்போ வட்டி ஏறியிருக்கு. போட்டு வெச்சா நஷ்டமே வராது."

இந்தப் பேச்சில் இரண்டு சிக்கல்கள் உள்ளன. ஒன்று மார்க்கம் சம்பந்தப்பட்டது. வட்டி பற்றிய இறைவனின் எச்சரிக்கை (அல்குர்ஆன் 2:275-279) நாம் அறிந்ததே. இன்னொன்று, "நஷ்டமே வராது" என்பது உலகக் கணக்கிலும் சரியல்ல. வட்டி ஏறும் காலத்தில்தான் நீண்ட காலப் பத்திரம் வைத்திருப்பவர் நஷ்டப்படுகிறார். எப்படி என்று பார்ப்போம்.

வட்டி ஏறினால் விலை இறங்கும்

அரசு தன் செலவுக்குப் போதாத பணத்தைச் சந்தையில் கடனாக வாங்குகிறது. அதற்கு எழுதிக் கொடுக்கும் உறுதிச் சீட்டுதான் அரசுக் கடன் பத்திரம். 10 ஆண்டு, 30 ஆண்டு, 40 ஆண்டு என்று தவணை இருக்கும். வாங்கியவர் தவணை முடியும்வரை காத்திருக்கத் தேவையில்லை, இடையில் பிறருக்கு விற்கலாம். விற்கும் விலை நாளுக்கு நாள் மாறும்.

ஓர் உதாரணம். 7 சதவீத வட்டியில் ஒரு லட்சம் ரூபாய்க்கு 30 ஆண்டுப் பத்திரம் ஒருவரிடம் இருக்கிறது. ஆண்டுக்கு 7,000 ரூபாய் வரும். பிறகு சந்தையில் வட்டி 8 சதவீதமாகிவிடுகிறது. புதுப் பத்திரம் 8,000 ரூபாய் தரும்போது, 7,000 தரும் பழைய பத்திரத்தை யார் ஒரு லட்சம் கொடுத்து வாங்குவார்? விலையைக் குறைத்தால்தான் விற்கும். கணக்குப் போட்டால் அது சுமார் 88,700 ரூபாய்க்குத்தான் போகும். தவணை முடிய 10 ஆண்டு பாக்கி என்றால் சுமார் 93,300 கிடைக்கும். ஓர் ஆண்டுதான் பாக்கி என்றால் சுமார் 99,100 கிடைக்கும்.

ஆக, ஒரே ஒரு சதவீத ஏற்றம் 30 ஆண்டுப் பத்திரத்தின் மதிப்பில் 11 ரூபாய்க்கு மேல் நூற்றுக்குத் தின்றுவிடுகிறது. தவணை நீள நீள அடியும் பெரிது. கடைசிவரை வைத்திருந்தால் அரசு முழுத் தொகையைத் தரும் என்பது உண்மை. ஆனால் 58 வயதில் 30 ஆண்டுப் பத்திரம் வாங்கியவருக்கு இடையில் மருத்துவச் செலவோ, மகளின் நிக்காஹோ வந்தால் அன்றைய விலைக்குத்தான் விற்க முடியும்.

அமெரிக்காவின் சிலிக்கான் வேலி வங்கி வீழ்ந்ததற்கு இதுவே முக்கியக் காரணம். டெபாசிட் பணத்தின் பெரும்பகுதியை அது நீண்ட காலப் பத்திரங்களில் போட்டிருந்தது. 2022-ல் வட்டி வேகமாக ஏறியது, பத்திரங்களின் விலை சரிந்தது. டெபாசிட் போட்டவர்கள் பணம் கேட்டு வந்தபோது வங்கி அவற்றை நஷ்டத்தில் விற்க வேண்டியதாயிற்று. 2023 மார்ச் 10-ல் வங்கி மூடப்பட்டது.

2025-ல் நம் நாட்டில்

2025 பிப்ரவரி முதல் ஜூன் வரை ரிசர்வ் வங்கி ரெப்போ வட்டியை 6.5 சதவீதத்திலிருந்து 5.5 சதவீதமாகக் குறைத்தது. அப்படியானால் பத்திரங்களின் வட்டியும் இறங்க வேண்டும் என்றுதான் தோன்றும். ஆனால் 10 ஆண்டு அரசுப் பத்திரத்தின் சந்தை வட்டி ஆகஸ்ட் கடைசியில் 6.5 சதவீதத்தைத் தாண்டியது. 30 ஆண்டுப் பத்திரம் 7 சதவீதத்துக்கு மேல் போனது.

ரெப்போ என்பது வங்கிகள் குறுகிய காலத்துக்கு வாங்கும் கடனின் விலை. அதை ரிசர்வ் வங்கி முடிவு செய்யும். 30 ஆண்டுக் கடனின் விலையைச் சந்தைதான் முடிவு செய்யும். விலைவாசி எப்படி இருக்கும், அரசு இன்னும் எவ்வளவு கடன் வாங்கும் என்று கடன் கொடுப்பவர் பார்க்கிறார். அந்த ஆகஸ்டில் ஜிஎஸ்டி குறைப்பு அறிவிப்பு வந்ததும், வரி வருமானம் குறைந்து அரசு கூடுதல் கடன் வாங்குமோ என்ற அச்சம் எழுந்தது. அமெரிக்காவிலும் ஜப்பானிலும்கூட 30 ஆண்டுப் பத்திரங்களின் வட்டி அந்த ஆண்டு ஏறியது.

பத்திரமே வாங்காதவரையும் இது தொடும். தொழிற்சாலைகள் விரிவாக்கத்துக்கு வாங்கும் நீண்ட காலக் கடன் இந்த வட்டியை ஒட்டியே போகும். கடன் விலை ஏறினால் புதிய இயந்திரம், புதிய ஷெட் எல்லாம் தள்ளிப்போகும். அப்போது முதலில் வேலை குறைவது ஒப்பந்தத் தொழிலாளிக்குத்தான்.

பிஎஃப் பணம் குறையுமா?

குறையாது. பிஎஃப் நிதியின் பெரும் பங்கு அரசுப் பத்திரங்களிலும் நிறுவனப் பத்திரங்களிலும்தான் இருக்கிறது. ஆனால் அவற்றைப் பெரும்பாலும் தவணை முடியும்வரை வைத்திருப்பதால், அன்றாட விலைச் சரிவு தொழிலாளியின் கணக்கில் ஏறுவதில்லை. ஆண்டுதோறும் ஒரு விகிதம் அறிவிக்கிறார்கள். 2021-22-ல் 8.1 சதவீதமாக இருந்தது. 2023-24, 2024-25 இரண்டிலும் 8.25 சதவீதம்.

என்பிஎஸ் அப்படியல்ல. அதில் அரசுப் பத்திரப் பிரிவின் மதிப்பு தினமும் சந்தை விலைக்கு மாறும். 'கில்ட் ஃபண்ட்' எனப்படும் அரசுப் பத்திர மியூச்சுவல் ஃபண்டும் இதே போலத்தான்.

எது கட்டாயம், எது நம் விருப்பம்?

சம்பளத்தில் 12 சதவீதம் சட்டப்படி கட்டாயமாகப் பிடிக்கப்படுகிறது. அது தொழிலாளியின் கைக்கு வராத பணம். ஆகவே அதன் மேல் வரும் கூடுதல் தொகையை ஊதியத்தின் தொடர்ச்சியாகக் கருதி அனுமதிக்கும் ஆலிம்கள் உண்டு. பேணுதலாக அதைத் தவிர்க்கச் சொல்பவர்களும் உண்டு. ஆனால் விபிஎஃப் என்று நாமே விரும்பிக் கூடுதலாகப் பிடிக்கச் சொல்வதும், ஓய்வுப் பணத்தைப் பத்திரத்தில் போடுவதும் நம் முடிவு. அங்கே அந்தச் சலுகை பொருந்துமா என்று உங்கள் ஊர் ஆலிமிடம் கேளுங்கள்.

மலேசியாவிலும் இந்தோனேசியாவிலும் அரசே சுகூக் வெளியிடுகிறது. நம் நாட்டில் அப்படி ஒன்று இல்லை. இருக்கும் வழிகள் வேறு: வாடகை வரும் சிறு கட்டடம், லாப நஷ்டத்தில் பங்கேற்கும் கூட்டு வியாபாரம், ஷரீஅத் அளவுகோலில் வடிகட்டிய நிறுவனப் பங்குகள். நிஃப்டி 50 ஷரியா குறியீடும், டாடா எத்திகல் ஃபண்டும் இவ்வகையில் அறியப்பட்டவை. பங்குகளின் விலையும் இறங்கும். ஆகவே ஐந்தாறு ஆண்டுகளுக்குள் தேவைப்படும் பணத்தை அதில் போடாதீர்கள்.

'ஹலால்' என்ற பெயர் மட்டும் பாதுகாப்பு அல்ல. ஹலால் முதலீடு என்று பணம் திரட்டிய பெங்களூரு ஐஎம்ஏ நிறுவனம் 2019-ல் கவிழ்ந்தபோது பல ஆயிரம் முஸ்லிம் குடும்பங்கள் சேமிப்பை இழந்தன. மாதா மாதம் இவ்வளவு லாபம் நிச்சயம் என்று சொல்லும் எதுவும் வியாபாரம் அல்ல, விலகிக்கொள்ளுங்கள்.

ஓய்வுப் பணம் வந்தால் மூன்று மாதமாவது எதிலும் போடாதீர்கள். கடன், நிக்காஹ், மருத்துவம் என்று அருகில் வரும் தேவைகளை மனைவி மக்களோடு உட்கார்ந்து எழுதிப் பிரித்து வையுங்கள். மிச்சத்தைப் பற்றி எவர் வந்து பேசினாலும் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: இந்த வருமானம் எதிலிருந்து வருகிறது? இடையில் எடுத்தால் எவ்வளவு கிடைக்கும்? நஷ்டம் வந்தால் யாருடையது? நேரான பதில் வராத இடத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.

வியர்வை சிந்திச் சேர்த்த பணத்தைத் தூய்மையாகவும் பத்திரமாகவும் பிள்ளைகளிடம் ஒப்படைக்கும் பாக்கியத்தை அல்லாஹ் நம் அனைவருக்கும் தருவானாக. ஆமீன்.