மைனஸ் எண்ணை பிளஸ் ஆக்குவது எப்படி?

பொழிச்சலூரில் ஒரு குழு இட்லி மாவு விற்பதாக வைத்துக்கொள்வோம். முதல் வாரம் 300 ரூபாய் நஷ்டம், அடுத்த வாரம் 100 நஷ்டம், மூன்றாம் வாரம் 200 லாபம். எக்செல் தாளில் இது -300, -100, 200. கூட்டத்தில் காட்டும் கிராஃபில் மைனஸ் வேண்டாம் என்றால்?

சிலர் மைனஸ் குறியை மட்டும் அழிச்சுடறாங்க. அப்போ 300, 100, 200 ஆகிடும். படுமோசமான வாரம் முதலிடத்தில் நிற்கும்!

எல்லா எண்ணோடும் ஒரே தொகையைக் கூட்டுங்க. இருப்பதிலேயே சின்ன எண் -300. (எண்கள் நிறைய இருந்தால் 'மின்' ஃபங்ஷன் அதைக் கண்டுபிடித்துத் தரும்.) 300 கூட்டினால் 0, 200, 500. வாரத்துக்கு வாரம் வித்தியாசம் முன்பு 200, 300, இப்பவும் அதேதான். செல்சியஸோடு 273.15 கூட்டி கெல்வின் ஆக்குவதும் இதே வழிதான்.

ஆனா, மொத்தத்தைப் பாருங்க. நிஜத்தில் 200 நஷ்டம். மாற்றிய தாளில் 700 லாபம்! அதை நம்பிப் பங்கு பிரித்தால் நம்ம சேமிப்புதான் கரையும். கிராஃபுக்குக் கீழே "300 கூட்டப்பட்டது" என்று எழுதிடுங்க. ரொக்கப் புத்தகத்திலும் வங்கிக்குக் கொடுக்கும் கணக்கிலும் நஷ்டம் நஷ்டமாகவே இருக்கட்டும்.