கைக்கு ஓய்வு, கருத்துக்கு?

விஞ்ஞானம் நமக்கு அளித்துள்ள புதுமைகளுள் சில, பார்வைக்குச் சிறியனவாயினும் எண்ணிப் பார்க்கும்போது பெரியனவாகத் தோன்றும். கார் ஓட்டிக்கொண்டிருக்கும் ஒருவருடைய செல்போனுக்குக் குறுஞ்செய்தி ஒன்று வருகின்றது. அவர் போனைத் தொடுவதில்லை; அது சட்டைப் பையிலோ கைப்பையிலோ கிடக்கின்றது. காரே, "இன்னாரிடமிருந்து செய்தி வந்திருக்கிறது, படிக்கட்டுமா?" என்று கேட்கின்றது. ஆம் என்றால் உரக்கப் படித்துக் காட்டுகின்றது. வாயால் பதில் சொன்னால், அதனை எழுத்தாக்கி அனுப்பியும் விடுகின்றது. ஸ்டீயரிங்கை விட்டுக் கை நகர வேண்டியதே இல்லை. இஃது எவ்வாறு நடைபெறுகின்றது, இதனை எவ்வளவு தூரம் நம்பலாம் என்னும் இரண்டு கேள்விகளுக்கு இங்கு விடை காண முயல்வோம். இரண்டாவது கேள்விதான் முக்கியமானது. ஆயினும் முதலாவதை அறியாமல் அதற்குள் நுழைய இயலாது.

செல்போனையும் காரையும் கம்பியின்றி இணைப்பது புளூடூத் என்னும் முறையாகும். ‘நீலப் பல்’ என்று பொருள்படும் இந்த விநோதப் பெயருக்குப் பின்னால் ஓர் அரசன் இருக்கின்றான். பத்தாம் நூற்றாண்டில் டென்மார்க்கை ஆண்ட ஹரால்டு என்பவனுக்கு ‘நீலப் பல்லன்’ என்பது பட்டப்பெயர். சிதறிக் கிடந்த டேனிய மக்களை ஒரு குடைக்கீழ்க் கொண்டுவந்தவன் இவன். இவன் கிறிஸ்தவ மறையைத் தழுவிய வரலாற்றை விடுகிண்ட் என்னும் சாக்ஸனி நாட்டுத் துறவி எழுதி வைத்துள்ளார். போப்போ என்ற குருவானவர் பழுக்கக் காய்ச்சிய இரும்பைக் கையில் ஏந்தியும் ஊறுபடாமல் நின்றார் என்றும், அதனைக் கண்டே அரசன் மனம் மாறினான் என்றும் அவர் கூறுகின்றார். ஜெல்லிங் என்னும் ஊரில் ஹரால்டு நிறுவிய பெருங்கல் இன்றும் நிற்கின்றது. டென்மார்க் முழுவதையும் நார்வேயையும் தனதாக்கி, டேனியரைக் கிறிஸ்தவராக்கியவன் தானே என்று அதில் பொறித்து வைத்துள்ளான்.

ஸ்வீடன் நாட்டு எரிக்ஸன் நிறுவனத்தார் 1994-ஆம் ஆண்டில் கம்பியில்லா இணைப்பு ஆராய்ச்சியைத் தொடங்கினர். பின்னர் வேறு பெரிய நிறுவனங்களும் சேர்ந்துகொண்டன. கருவிகளையெல்லாம் ஒன்றுபடுத்தும் முறைக்கு, மக்களை ஒன்றுபடுத்திய அரசனின் பெயரே தகும் என்று 1997-இல் இன்டெல் பொறியாளர் ஜிம் கார்டாக் யோசனை கூறினார். தற்காலிகமாக வைத்த பெயர் அப்படியே நிலைத்துவிட்டது. செல்போனில் நாம் காணும் புளூடூத் சின்னமும், ஹரால்டு பிளாடண்டு என்ற பெயரின் முதலெழுத்துகள் இரண்டையும் பழைய வடநாட்டு ரூனிக் வரிவடிவில் எழுதி ஒன்றாய்ப் பிணைத்ததேயாகும். நாள்தோறும் அந்தச் சின்னத்தைத் தொடும் கோடிக்கணக்கானவர்களில், ஓர் அரசனின் கையொப்பத்தைத் தொடுகிறோம் என்று அறிந்தவர் எத்தனை பேரோ!

இம்முறையில் செய்தியைச் சுமந்து செல்வது வானொலி அலை. 2.4 கிகாஹெர்ட்ஸ் என்னும் அந்த அலைவரிசைப் பகுதியிலேயே வைஃபையும் இயங்குகின்றது. சமையலறையின் மைக்ரோவேவ் அடுப்பும் அங்கேதான் இரைச்சல் போடுகின்றது. இந்தச் சந்தைக் கூச்சலில் காரும் போனும் ஒன்றையொன்று எப்படிக் கேட்கின்றன? அவை ஒரே இடத்தில் நின்று பேசுவதில்லை. அப்பகுதியை 79 தடங்களாகப் பிரித்துக்கொண்டு, விநாடிக்கு 1,600 முறை தடம் மாறித் தாவிக்கொண்டே பேசுகின்றன. தாவும் வரிசை இரண்டிற்கும் மட்டுமே தெரியும். ஒரு தடத்தில் இரைச்சல் மிகுந்திருந்தால் அதை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விடலாம்.

இந்தத் தத்துவத்தைப் பற்றிப் பேசும்போது ஒரு பெண்மணியை மறக்கலாகாது. வியன்னாவில் பிறந்து ஹாலிவுட்டில் புகழ்பெற்ற நடிகை ஹெடி லமார், ஜார்ஜ் ஆந்தைல் என்ற இசையமைப்பாளருடன் சேர்ந்து, 1942-ஆம் ஆண்டில் ‘அலைவரிசை தாவும்’ முறைக்கு அமெரிக்க அரசின் காப்புரிமை பெற்றார். கடலடியில் செல்லும் டார்பிடோக் குண்டுகளை எதிரி குழப்ப முடியாதபடி வானொலியால் செலுத்துவதே அவர்களது நோக்கம். தானே வாசிக்கும் பியானோவின் துளையிட்ட காகிதச் சுருள் அவர்களுக்கு வழிகாட்டிற்று. பியானோவின் கட்டைகளைப் போலவே அலைவரிசைகளையும் 88 என்று வகுத்தார்கள். அந்நாளில் அமெரிக்கக் கடற்படை அதனைப் பயன்படுத்தவில்லை. அழகி என்று மட்டுமே உலகம் கொண்டாடிய ஒருத்தியின் மூளையில் உதித்த அதே தத்துவத்தைத்தான், பல ஆண்டுகளுக்குப் பிறகு புளூடூத்திலும் காண்கின்றோம்.

காரையும் போனையும் முதன்முறை இணைக்கும்போது இரண்டின் திரையிலும் ஆறு இலக்க எண் ஒன்று தோன்றும். இரண்டும் ஒன்றாயிருக்கின்றனவா என்று பார்த்தே ‘சரி’ சொல்ல வேண்டும். இடையில் புகுந்து ஒட்டுக்கேட்க எவரும் முயலவில்லை என்பதற்கு அதுவே அடையாளம். அவசரத்தில் பார்க்காமலே அழுத்திவிடுவோர்தாம் அதிகம்.

இனி, குறுஞ்செய்தி எப்படிக் காருக்குள் வருகின்றது என்று பார்ப்போம். கோபுரத்திலிருந்து செய்தியைப் பெறுவது கார் அன்று, போன்தான். பேச்சுக்கு ஒன்று, பாட்டுக்கு ஒன்று, தொலைபேசி எண்களின் பட்டியலுக்கு ஒன்று என்று புளூடூத்தில் தனித்தனி நடைமுறைகள் வகுக்கப்பட்டுள்ளன. செய்திக்கென்று உள்ளது ‘மெசேஜ் ஆக்சஸ் புரொஃபைல்’. அதன்படி, செய்தி வந்ததும் போன் காருக்குத் தகவல் கொடுக்கின்றது. கார் அதன் வாசகத்தைக் கேட்டு வாங்கிக்கொள்கின்றது. "பேச்சு வருகிறது, பாட்டு வருகிறது, செய்தி மட்டும் வரவில்லையே" என்று குறைப்படுவோர் உண்டு. பெரும்பாலும், செய்திகளைக் காருக்குக் காட்டலாம் என்ற அனுமதியைப் போனில் தனியாகக் கொடுத்திருக்க மாட்டார்கள். அல்லது அந்தக் காரில் இந்த நடைமுறையே இராது. வாட்ஸ்அப் போன்றவற்றின் செய்திகளுக்கு இந்த வழி பொதுவாகப் போதாது. அவற்றிற்குப் போனின் முகத்தையே காரின் திரைக்குக் கொண்டுவரும் ஆப்பிள் கார்ப்ளே, ஆண்ட்ராய்டு ஆட்டோ போன்ற ஏற்பாடுகள் தேவை. இவ்விரண்டும் 2014-இல் அறிவிக்கப்பட்டவை.

அமெரிக்காவில் இவ்வசதியைப் பரவலாக்கிய முன்னோடிகளுள் ஒன்று, 2007-இல் ஃபோர்டு நிறுவனம் மைக்ரோசாஃப்டுடன் சேர்ந்து வெளியிட்ட ‘சிங்க்’ என்னும் அமைப்பு. அது வந்த செய்தியைப் படித்தது. இளைஞர்கள் எழுதும் சுருக்கெழுத்துகளைக்கூட விரித்துச் சொல்லிற்று. ஆனால் பதிலை விருப்பம்போல் பேசி அனுப்ப அன்று இடமில்லை. முன்கூட்டியே எழுதி வைத்த சில வாக்கியங்களிலிருந்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம், அவ்வளவுதான். அந்தக் குறுகிய வசதியே ஒருவிதத்தில் நன்றாக இருந்தது என்று எனக்குத் தோன்றுகின்றது. காரணத்தைப் பின்னால் சொல்கின்றேன்.

எழுத்தைப் பேச்சாக்குவது இயந்திரத்திற்கு இப்போது எளிதாகிவிட்டது. தமிழை ஆங்கில எழுத்தில் எழுதும் நம் வழக்கத்திடம் மட்டும் அதன் பாடு திண்டாட்டந்தான். "சீக்கிரம் வாங்க" என்று ரோமன் எழுத்தில் தட்டினால், ஆங்கிலக் குரல் அதனை உலகில் எம்மொழியிலும் இல்லாத சொல்லாக்கிப் படிக்கும். ஓட்டுபவர் "என்ன, என்ன?" என்று விழித்து, இறுதியில் திரையையே திரும்பிப் பார்ப்பார். எதைத் தவிர்க்க இவ்வசதி ஏற்பட்டதோ அதுவே நடந்துவிடும்! பேச்சை எழுத்தாக்குவது இதனினும் கடினம். டயரின் ஓசை, ஹாரன் சத்தம், பின்னிருக்கைக் குழந்தைகளின் கூச்சல் இவற்றினிடையே வந்த ஒலி எந்தச் சொல்லாக இருக்கக்கூடும் என்று இயந்திரம் ஊகிக்கின்றது. ஊகம் சில சமயம் பிசகும். ஆகவே ஓட்டுபவர் சொன்னதை இயந்திரம் சரியாக எழுதியதா என்று கேட்டுப் பார்த்து, தவறாயின் மறுபடியும் சொல்ல வேண்டும்.

சரி, கையும் கண்ணும் தத்தம் வேலையில் இருக்கின்றனவே, போதாதா? இதைத்தான் அறிஞர்கள் சோதித்துப் பார்த்தனர். 2013-இல் அமெரிக்காவின் டெக்ஸாஸ் ஏ அண்டு எம் போக்குவரத்து ஆராய்ச்சி நிலையத்தார், 43 பேரைப் பொதுப் போக்குவரத்து இல்லாத பாதையில் கார் ஓட்டச் செய்தனர். ஒருமுறை செய்தி எதுவும் இல்லாமல் ஓட்டினர். மறுமுறை கையால் தட்டிக்கொண்டே ஓட்டினர். பிறகு வாயால் சொல்லி அனுப்பிக்கொண்டே ஓட்டினர். கண்முன் தோன்றும் விளக்கைக் கண்டு செயற்பட, செய்தியில் ஈடுபட்டிருந்தபோது சாதாரண நேரத்தைப்போல் சுமார் இரண்டு மடங்கு காலம் பிடித்தது. கையால் அனுப்பினாலும் வாயால் அனுப்பினாலும் நிலை ஏறக்குறைய அதுவே. அந்த ஆராய்ச்சியில் என்னை மிகவும் சிந்திக்க வைத்தது வேறொன்று. வாயால் அனுப்பியபோது, கையால் அனுப்புவதைவிடப் பத்திரமாக ஓட்டுவதாகவே ஓட்டியவர்கள் உணர்ந்தார்கள். ஆபத்து குறையவில்லை, அச்சம் மட்டுமே குறைந்தது.

அதே 2013-இல் யூட்டா பல்கலைக்கழகத்தின் டேவிட் ஸ்ட்ரேயர் குழுவினர், ஓட்டுபவர் மனத்தின் சுமையை அளந்தனர். வெறுமனே ஓட்டுவது 1. ஓட்டிக்கொண்டே கடினமான மனக்கணக்குப் போடுவது 5. இந்த அளவுகோலில் வானொலி கேட்பது 1.21, கையில் பிடிக்காமல் தொலைபேசியில் பேசுவது 2.27, பக்கத்தில் இருப்பவருடன் பேசுவது 2.33, செய்தியை வாயால் சொல்லி எழுத வைப்பது 3.06. பட்டியலில் நாம் அன்றாடம் செய்யும் காரியங்களுள் இதுவே கனமானதாக நின்றது. கேட்பது எளிது, வாக்கியம் கட்டுவது, அதை நினைவில் வைப்பது, சரிபார்ப்பது ஆகியவைதாம் மனத்தைப் பிடித்துக்கொள்கின்றன. பழைய ‘சிங்க்’ அமைப்பைப் பற்றி நான் சொன்னது இதனால்தான்.

2015-இல் அக்குழுவினர் மேலும் ஓர் உண்மையைக் கண்டனர். காரிடம் பேசி முடித்த பின்னும் மனம் உடனே சாலைக்குத் திரும்புவதில்லை. சிரமமான அமைப்புகளில் 27 விநாடி வரைக்கும் அதன் பாதிப்பு நீடித்தது. மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில், 27 விநாடியில் கார் 300 மீட்டர் ஓடிவிடும். நம் ஊர்த் தெருவில் அந்த 300 மீட்டருக்குள் எத்தனை சைக்கிள்கள், எத்தனை மாடுகள், எத்தனை பள்ளிப் பிள்ளைகள்! கண் திறந்தே இருக்கும். பார்ப்பது மனத்தில் பதியாது.

இங்கு மாணவிகள் ஒரு கேள்வி கேட்கலாம்: "கார் ஓட்டும் வயதே எங்களுக்கு இல்லையே, இதில் எங்களுக்கு என்ன?" கார் ஓட்டாவிட்டாலும் செய்தி அனுப்புகிறவர்கள் நீங்கள்தாமே! மாலையில் டியூஷன் வகுப்பு வாசலில் நின்று, அப்பாவின் கார் ஐந்து நிமிடம் தாமதமானால், "எங்கே இருக்கீங்க?" என்று தட்டுகிறீர்கள். அடுத்த நிமிடம், "வந்தாச்சா?" அதற்கும் பதில் இல்லையென்றால் ஒரு கேள்விக்குறி மட்டும். அந்த மூன்றும் அவர் சந்திப்பைக் கடந்து திரும்பும் வேளையில் காருக்குள் ஒன்றன்பின் ஒன்றாக ஒலிக்கின்றன. கவனம் பாதி பிரிந்த தந்தைதான் உங்களை நோக்கி வந்துகொண்டிருக்கின்றார். தாய்மார்களுக்கும் இது பொருந்தும். வீட்டுக்கு வரும் வழியில் வாங்கி வர வேண்டிய சாமான்களை, கணவர் புறப்பட்ட பிறகு ஒவ்வொன்றாக நினைவு வந்து அனுப்புவதில்லையா?

பக்கத்தில் அமர்ந்து பேசுபவர்கூட அளவுகோலில் 2.33 காட்டுகிறாரே, அவர் மட்டும் பரவாயில்லையா என்று ஐயம் எழலாம். அவருக்கும் சாலை தெரிகின்றது. எதிரே லாரி வந்தால் பேச்சை நிறுத்துகின்றார், "பார்த்து, பார்த்து!" என்று எச்சரிக்கவும் செய்கின்றார். தொலைவிலிருந்து செய்தி அனுப்புபவருக்கு லாரி தெரியாது.

சட்டத்தைப் பொறுத்தவரை, 2019-ஆம் ஆண்டு மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம், ஓட்டும்போது தொடர்புக் கருவியைக் கையில் பிடித்துப் பயன்படுத்துவதை ஆபத்தான ஓட்டுதலில் சேர்த்துள்ளது. கருத்து எங்கே அலைகின்றது என்பதைப் பிடிக்க எந்தக் காவலராலும் முடியாது. ஹெல்மெட்டுக்குள் போனைச் செருகிக்கொண்டு ஸ்கூட்டரில் பேசிச் செல்பவர்களும் ‘கை படவில்லையே’ என்றுதான் சொல்லிக்கொள்கிறார்கள்.

பெற்றோருக்கு இன்னுமொரு சிறு விஷயம். இணைத்த கார் உங்கள் போனிலுள்ள பெயர்களையும் எண்களையும் தன்னுள் படியெடுத்து வைத்துக்கொள்ளக்கூடும். வாடகைக் காரைத் திருப்பித் தரும்போதும், பழைய காரை விற்கும்போதும், காரின் பட்டியலிலிருந்து உங்கள் போனை நீக்கிவிடுங்கள். காரில் பிறர் இருக்கையில் அந்தரங்கச் செய்தியை அது ஊரறியப் படித்துவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

செய்தி தொந்தரவு செய்யாதிருக்க, செல்போனிலேயே ஒரு வழி உண்டு. கார் ஓடும்போது செய்திகளை மௌனமாக நிறுத்தி வைக்கும் வசதியை ஆப்பிள் நிறுவனம் 2017-இல் தன் போன்களில் சேர்த்தது. வேறு பல போன்களிலும் இத்தகைய ஏற்பாடுகள் உள்ளன. ஒருமுறை அமைத்து வைத்தால் போதும். போன் காருடன் இணைந்ததும் தானே விழித்துக்கொள்ளும். செய்தி அனுப்பியவருக்கு, "வண்டி ஓட்டிக்கொண்டிருக்கிறேன், சேர்ந்ததும் பார்க்கிறேன்" என்ற பதில் தானாகப் போய்விடும். வகுப்பு வாசலில் நிற்கும் பெண்ணுக்கு அந்தப் பதில் வந்தால், அப்பா புறப்பட்டுவிட்டார் என்று பொருள். அதைத்தானே அவள் தெரிந்துகொள்ள விரும்பினாள்.