தண்ணீரின் எடை என்ன?

தளியை அடுத்த காடுகள் காவிரிக்கரை வரை நீள்கின்றன. 2014-ல் காவிரி வடக்கு வனவிலங்குச் சரணாலயம் அமைந்தது இங்கேதான். இங்கே மூன்று நாள் நடைப்பயணம் போவதாக வைத்துக்கொள்வோம். வனத்துறை அனுமதியும் வழிகாட்டியும் கட்டாயம்.

அடுத்து, கணக்கு. 5 கிலோமீட்டருக்கு 1 மணி. 600 மீட்டர் ஏற்றத்துக்கு மேலும் 1 மணி. இது 1892-ல் ஸ்காட்லாந்து மலையேறி நெய்ஸ்மித் வகுத்த விதி. சுமையும் வெயிலும் நேரத்தை இன்னும் நீட்டும்.

நாளொன்றுக்கு 4 லிட்டர் நீர் என்றால், மூன்று நாளுக்கு 12 லிட்டர். அதாவது 12 கிலோ! சுமக்க முடியுமா? வழியில்தான் நிரப்ப வேண்டும். ஆனால் கோடையில் யானைகளும் அதே குட்டைக்குத்தான் வரும். ஆகவே வழிகாட்டி சொன்ன பின்பே நீர் எடுங்கள். குளோரின் மாத்திரை இடுங்கள். இரவில் அதனருகே தங்காதீர்கள்.

பாதையை வரைபடம் காட்டும். பயணத்தை முடிவு செய்வதோ தண்ணீர்!