உங்களுக்குத் தெரியுமா? கடல் தாண்டிப் படித்த டொக்டர்மார்

கல்கத்தாவுக்குக் கப்பல்

கொழும்பில் மருத்துவக் கல்லூரி வருமுன், மேற்கத்தைய மருத்துவம் படிக்க இலங்கைப் பிள்ளைகள் சிலர் கல்கத்தாவுக்குக் கப்பலேறினார்கள். அனுப்பியது அரசாங்கம். "வெளிநாட்டில் படித்த டொக்டரா?" என்று இன்று சிலர் முகம் சுளிக்கிறார்களே, இந்த நாட்டு அரச வைத்திய சேவையின் முதல் தலைமுறையில் அப்படிப்பட்டவர்கள் இருந்தார்கள்.

வன்னியில் பிறந்த கல்லூரி

வன்னியில் ஊர் ஊராக ஆட்கள் குறைந்துபோவதற்குக் காரணம் என்ன என்று பார்க்க, ஆளுநர் ஹெர்குலிஸ் ரொபின்சன் காலத்தில் டொக்டர் ஜேம்ஸ் லூஸ் அனுப்பப்பட்டார். தோலையும் எலும்பையும் அரிக்கிற பறங்கி வியாதி அங்கே பரவிக் கிடந்தது. பார்க்க வைத்தியர் இல்லை. உள்ளூரிலேயே வைத்தியர்களைப் பயிற்ற ஒரு பள்ளி வேண்டும் என்று லூஸ் எழுதினார். 1870 ஜூன் 1ஆம் திகதி கொழும்பு மருத்துவப் பள்ளி திறந்தது. அதற்கு முதல் அதிபரும் அவரேதான். புத்தளத்திலிருந்து பார்த்தால் வில்பத்துக் காட்டுக்கு அந்தப் பக்கத்துக் கிராமங்களுக்காகத் தொடங்கிய பள்ளி அது. அதில் படித்து வெளியேறியவர்களில் எத்தனை பேர் அந்தப் பக்கம் போய் இருந்தார்கள் என்பது வேறு கதை.

தமிழில் மருத்துவம் சொல்லிக்கொடுத்த அமெரிக்கர்

அதற்கும் முன்பே யாழ்ப்பாணத்தில் ஒருவர் வேலையைத் தொடங்கிவிட்டார். மசாசூசெட்ஸ் மாநிலத்தில் பிறந்த சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847இல் வந்து, மானிப்பாயில் ஆஸ்பத்திரி நடத்தி, அறுபதுக்கும் மேற்பட்ட வைத்தியர்களைப் பயிற்றினார். முதலில் ஆங்கிலத்தில். 1860களில் தமிழுக்கு மாறிவிட்டார். ஆங்கிலத்தில் படித்தவன் சம்பளம் தேடிப் பட்டணம் போவான், தமிழில் படித்தவன் ஊரில் நிற்பான் என்பதும் அவருடைய கணக்கில் இருந்தது. 'டொக்டர் ஏன் ஊரில் நிற்பதில்லை' என்று இன்று குழுக்கள் கூடிப் பேசுகின்றன. கிறீன் அதைத் தனியாளாக யோசித்திருக்கிறார்.

கனடாவில் படித்த மருமகள்

மேரி இர்வின் கனடாவின் ஒன்டாரியோக்காரி. டொரன்டோவில் டொக்டருக்குப் படித்து, 1896இல் மிஷன் வேலைக்கு இலங்கை வந்தார். தமிழரான எஸ்.சி.கே. ரட்ணத்தைக் கல்யாணம் செய்ததும் மிஷன் கைவிட்டது. அவர் நாட்டை விட்டுப் போகவில்லை. பெண்களுக்கு வைத்தியம் பார்த்தார், சுகாதாரப் புத்தகங்கள் எழுதினார், லங்கா மகிளா சமித்தியைத் தொடங்கினார், கொழும்பு மாநகர சபைக்கும் போனார். 1958இல் மக்சேசே விருது கிடைத்தது. வெளிநாட்டுப் பட்டத்தோடு வந்து சாகும்வரை இங்கேயே இருந்துவிட்டவர்களின் பட்டியலில் மேரி ரட்ணத்தின் பெயரை மேலே போடலாம்.

சிலாபம், 1934

மழை பொய்த்தது. மகா ஓயாவும் தெதுரு ஓயாவும் வற்றிக் குட்டை குட்டையாக நின்றன. குட்டைகளில் நுளம்பு பெருகியது. கேகாலை, குருநாகல், சிலாபம் என்று மலேரியா ஆற்றோரமாகவே இறங்கி வந்தது. 1934–35இல் மட்டும் ஏறக்குறைய 80,000 பேர் செத்தார்கள். மலேரியாவோடு பழகிய வரண்ட பிரதேசத்தில் அல்ல, பழகாத ஈரப் பகுதியின் ஓரத்தில்தான் அடி பலமாக விழுந்தது. வைத்தியர்கள் இருந்த இடம் ஒன்று, நோய் வந்த இடம் வேறு.

2016 செப்டம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா இல்லாத நாடு என்று அறிவித்தது. அதில் டொக்டர்களைவிட, வீடு வீடாக இரத்தம் எடுத்துத் திரிந்த களப் பணியாளர்களுக்குத்தான் கூடுதல் பங்கு என்பேன்.

பதினாறில் ஒன்று

பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் நாடளாவிய திறமைக்கு, 55 வீதம் மாவட்டக் கோட்டாவுக்கு. மிச்சம் 5 வீதம் கல்வியில் பின்தங்கியவை என்று குறிக்கப்பட்ட 16 மாவட்டங்களுக்கு மேலதிகமாக. அந்தப் பதினாறில் புத்தளமும் ஒன்று. கொழும்புப் பிள்ளைக்குக் கிடைக்காத மருத்துவபீடம், உயர்தரப் பரீட்சையில் இசட் புள்ளி சற்றுக் குறைந்த புத்தளத்துப் பிள்ளைக்குக் கிடைக்கும்.

அந்த வெட்டுப்புள்ளியையும் மயிரிழையில் தவறவிடுகிற பிள்ளைக்கு? சீனா, ரஷ்யா, பெலாருஸ், பங்களாதேஷ், நேபாளம். காசு இருந்தால். அதே மாவட்டத்து வென்னப்புவ, மாரவில பக்கத்தில் இத்தாலியில் உழைக்கும் சொந்தக்காரர் இல்லாத வீடு அபூர்வம். வெளிநாட்டுப் படிப்பு அங்கே பெரிய விஷயமில்லை. உடப்பிலோ கற்பிட்டியிலோ வள்ளத்தை நம்பி வாழ்கிற வீட்டுக்கு அது வேறு கணக்கு. ஆகவே வெளிநாட்டில் படித்தவர் எல்லாரும் பணக்கார வீட்டுப் பிள்ளை என்பதும் பொய், எல்லாருக்கும் அந்த வழி திறந்திருக்கிறது என்பதும் பொய்.

2018இல் வயம்ப பல்கலைக்கழகத்துக்கு ஒரு மருத்துவபீடம் கிடைத்தது. இருப்பது குளியாப்பிட்டியில். வடமேல் மாகாணத்துக்கு அதுவே முதல் மருத்துவபீடம்.

டொக்டர் ஆகாத ஒரு மாணவர்

ஜே.வி.பி.யை நிறுவிய ரோகண விஜேவீர 1960இல் மொஸ்கோவின் லுமும்பா பல்கலைக்கழகத்துக்குப் போனது எதற்கு? மருத்துவம் படிக்க. 1964இல் சுகமில்லாமல் ஊர் வந்தார். சீனப் பக்கம் சாய்ந்துவிட்டார் என்று சோவியத் திரும்ப விசா கொடுக்கவில்லை. படிப்பு அதோடு நின்றது, அரசியல் தொடங்கியது.

1980களில் ராகமையில் வட கொழும்பு மருத்துவக் கல்லூரி என்று ஒரு தனியார் கல்லூரி இயங்கியது. அதற்கு எதிராக மாணவர்களைத் திரட்டியவர்களில் ஜே.வி.பி. முன்னணியில் நின்றது. 1989இல் அரசு அதைக் கையேற்றது. இன்று அது களனிப் பல்கலைக்கழக மருத்துவபீடம். விஜேவீர கொல்லப்பட்டதும் அதே ஆண்டு நவம்பரில்தான். மாலபேயில் 2008இல் வந்த சைட்டம் என்ற தனியார் கல்லூரி அடுத்த சண்டை. அதன் பட்டதாரிகளைப் பதிவுசெய்யுமாறு 2017 ஜனவரியில் மேன்முறையீட்டு நீதிமன்றம் மருத்துவ சபைக்கு உத்தரவிட்டது, 2018இல் உயர் நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. ஆனால் அதற்குள் சைட்டமையே மூட முடிவெடுத்து, மாணவர்களைக் கொத்தலாவல பாதுகாப்புப் பல்கலைக்கழகத்துக்கு மாற்றிவிட்டார்கள்.

உள்நாட்டில் காசுக்கு மருத்துவம் விற்கக்கூடாது என்று இவ்வளவு போராடிய நாட்டில், அதே காசை வெளிநாட்டுக் கல்லூரிக்குக் கட்ட யாரும் தடை போடவில்லை. கொள்கை என்று சொல்வதற்கு இதில் என்ன இருக்கிறது என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

ஈ.ஆர்.பி.எம். என்ற வாசல்

வெளிநாட்டுப் பட்டத்தோடு வருகிறவர் நேரே ஊசி போட முடியாது. 1927ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க மருத்துவக் கட்டளைச் சட்டத்தின் கீழ் இயங்கும் இலங்கை மருத்துவ சபை, அவர் படித்த கல்லூரியை முதலில் அங்கீகரித்திருக்க வேண்டும். பிறகு ஈ.ஆர்.பி.எம். பரீட்சை. எழுத்து, நோயாளியை வைத்துச் சோதனை, வாய்மொழி என்று பகுதி பகுதியாக. பழைய ஆட்கள் இதை 'அக்ட் 16' என்பார்கள். அதன்பின் ஒரு வருஷம் உள்ளகப் பயிற்சி. இவ்வளவும் தாண்டியவர் உள்ளூர்ப் பட்டதாரியோடு ஒரே பதிவேட்டில் நிற்கிறார். வார்டில் இரண்டு பேருக்கும் ஒரே இரவுக் கடமைதான்.

இதில் வேடிக்கை, கொழும்பில் படித்த நம் டொக்டர் பிரித்தானியாவுக்குப் போனால் அங்கே அவரும் 'வெளிநாட்டில் படித்தவர்'. பெரும்பாலும் பிளாப் என்ற பரீட்சை எழுத வேண்டும்.

நாற்பது கிலோமீட்டர்

புத்தளம் மாவட்டத்துக்கு வருவோம். சிலாபத்தில் மாவட்டப் பொது வைத்தியசாலை. மாரவிலவிலும் கற்பிட்டியிலும் ஆதார வைத்தியசாலைகள். பாலாவியில் திரும்பிக் கற்பிட்டிக்குப் போக ஏறக்குறைய நாற்பது கிலோமீட்டர், ஒரு பக்கம் களப்பு, மறுபக்கம் கடல். பத்தலங்குண்டுத் தீவில் வாடி போட்டிருக்கும் மீனவருக்கு அந்த ஆஸ்பத்திரியே படகுப் பயணத்துக்கு அப்பால்.

ஓர் ஆஸ்பத்திரிக்கு எத்தனை டொக்டர் என்பதை 'ஆளணி' என்கிற அட்டவணை சொல்லும். அதில் ஒரு இடம் கூட்டவும் திறைசேரியின் முகாமைத்துவ சேவைகள் திணைக்களம் சரி சொல்ல வேண்டும். 1990 அக்டோபரில் வடக்கிலிருந்து புலிகள் வெளியேற்றிய முஸ்லிம்கள் எழுபதாயிரத்துக்கும் மேல். பெரும்பாலோர் வந்திறங்கியது புத்தளத்தில், கற்பிட்டிப் பக்கத்தில். சனம் ஒரு வாரத்தில் பெருகும். அட்டவணை அப்படி மாறாது. 2012 கணக்கெடுப்பில் புத்தளம் மாவட்டத்தின் சனத்தொகை 762,396.

அட்டவணையில் இடம் இருந்தாலும் ஆள் வர வேண்டுமே. நியமனப் பட்டியலில் மேலே இருப்பவர் முதலில் தேர்வார். கொழும்பும் கண்டியும் முதலில் போகும். கடைசியில் நிற்பவருக்குக் கஷ்டப் பிரதேசம். ஓரிரு வருஷத்தில் அவரும் இடமாற்றம் கேட்பார். விசேட வைத்தியருக்கோ பின்னேரச் சேனல் இருக்கிற பட்டணம்தான் வசதி. களப்போர ஊரில் சேனல் பண்ண எத்தனை பேரிடம் காசு இருக்கிறது? அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. பிள்ளைக்குப் பள்ளிக்கூடம், மனைவிக்கு வேலை, இருக்க வீடு என்று எல்லாவற்றையும் கொடுத்துப் பார்த்த பிறகு குறை சொல்லலாம்.

அவுஸ்திரேலியாவின் பத்து வருஷம்

கற்பிட்டி வேண்டாம் என்று அவுஸ்திரேலியா போகிற டொக்டர் அங்கே எங்கே வேலை செய்கிறார்? சட்டம் சொல்கிறது: வெளிநாட்டில் படித்த டொக்டர், மெடிகெயார் என்ற அரச காப்புறுதியில் பணம் பெற வேண்டுமானால், பத்து வருஷம் வரை வைத்தியர் பற்றாக்குறையுள்ள பகுதியில் இருக்க வேண்டும். 1990களின் பின்பாதியிலிருந்து இதுதான் விதி. சிட்னி நகரத்துக்குள் அல்ல, பெரும்பாலும் பல மணி நேரம் கார் ஓட்டினால் வரும் ஊரில். அமெரிக்காவும் லேசுப்பட்டதல்ல. பயிற்சி முடிந்ததும் இரண்டு வருஷம் சொந்த நாட்டில் இரு என்ற விசா நிபந்தனையிலிருந்து விடுபட, டொக்டர் இல்லாத பகுதியில் மூன்று வருஷம் வேலை செய்தால் போதும். மாநிலத்துக்கு வருஷம் 30 பேர்.

நாம் செலவழித்துப் படிப்பித்த ஆளைக் கற்பிட்டிக்கு அனுப்ப நம்மால் முடியவில்லை. அவர்கள் ஒரு சதமும் செலவழிக்காமல் தங்கள் கற்பிட்டிக்கு அனுப்பிவிடுகிறார்கள்.

போகச் சொல்வதும் நாமே

விசேட வைத்தியராக வருவதற்குக் கொழும்புப் பட்டப்பின் மருத்துவ நிறுவகத்தில் எம்.டி. முடித்தால் போதாது. பெரும்பாலான துறைகளில் ஓரிரு வருஷம் வெளிநாட்டு ஆஸ்பத்திரியில் பயிற்சியும் வேண்டும். திரும்பி வருவேன் என்று பிணை எழுதி வாங்கித்தான் அனுப்புகிறார்கள். அங்கே கிடைக்கிற சம்பளம் பிணைப் பணத்தைக் கட்டவும் வழி விடுகிறது. பிறகென்ன?

பழைய கவலை

1961இன் 70ஆம் இலக்கச் சட்டம் பட்டதாரிகளைக் கட்டாய அரச சேவைக்குள் நிறுத்தப் பார்த்தது. 1974இல், படித்தவர்கள் நாட்டை விட்டுப் போவது பற்றி அமைச்சரவைக் குழுவே அறிக்கை எழுதியது. 2022இல் டொலர் இல்லாமல் நாடு திணறியபோது சுற்றறிக்கை தலைகீழாக வந்தது: அரச ஊழியர் ஐந்து வருஷம் சம்பளமில்லா விடுமுறையில் வெளிநாடு போகலாம், மூப்பு கெடாது. மறுவருஷம் அநுராதபுரம் போதனா வைத்தியசாலையில் குழந்தை வைத்தியர்கள் போய்விட்டதால் ஒரு வார்டையே மூட வேண்டி வந்த செய்தியைப் பத்திரிகைகள் எழுதின. புத்தளத்தார் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற பெரிய ஆஸ்பத்திரிகளில் அதுவும் ஒன்று.

2010 மே மாதம் உலக சுகாதார நிறுவனம், ஏழை நாட்டு டொக்டரை வலைவீசிப் பிடிக்காதீர்கள் என்று ஒரு நெறிக்கோவை கொண்டுவந்தது. அதன் 2023 பாதுகாப்புப் பட்டியலில் 55 நாடுகள். பங்களாதேஷ் இருக்கிறது, நேபாளம் இருக்கிறது. இலங்கை இல்லை. நமது சுகாதாரக் குறியீடுகள் அவ்வளவு நல்லவை!

உங்கள் டொக்டர் பதிவானவரா?

பார்ப்பது சுலபம். இலங்கை மருத்துவ சபையின் இணையத்தளத்தில் பெயரையோ பதிவு இலக்கத்தையோ போட்டால் தெரிந்துவிடும். மருந்துச் சீட்டில் கையெழுத்தோடு முத்திரையும் பதிவு இலக்கமும் இருக்கிறதா என்று கவனியுங்கள். இல்லாவிட்டால் கேளுங்கள். எந்த நாட்டில் படித்தார் என்பதை அதற்குப் பிறகு, ஆசையிருந்தால், விசாரித்துக்கொள்ளலாம்.