மாடு ஏன் பாலை அடக்குகிறது?

கறக்கும் நேரத்தில் கொட்டகைக்குள் புது ஆள் நுழைந்தாலோ நாய் குரைத்தாலோ சில மாடுகள் பாலை அடக்கிக்கொள்ளும். மடி விம்மியிருக்கும்; எவ்வளவு பீச்சினாலும் கொஞ்சம்தான் வரும். மாட்டுக்குப் பிடிவாதம் என்று திட்டுவார்கள். பாவம், அது அதன் வசத்தில் இல்லை.

மடி வெறும் பை அல்ல. உள்ளே கண்ணுக்குப் புலப்படாத நுண்ணறைகள் திராட்சைக் கொத்துப் போல நெருங்கியிருக்கின்றன. பால் ஊறுவது அங்கேதான். அதற்கான சரக்கு ரத்தத்தில் வருகிறது. ஒரு லிட்டர் பால் ஊற, சுமார் 400 முதல் 500 லிட்டர் ரத்தம் மடியைச் சுற்றி வர வேண்டும். வைக்கோலும் புல்லும் முதல் இரைப்பையில் நுண்ணுயிர்களால் புளித்து அமிலங்களாகின்றன. அசிட்டிக் அமிலத்திலிருந்து பாலின் கொழுப்பில் ஒரு பங்கு கிடைக்கிறது. புரோப்பியானிக் அமிலம் கல்லீரலில் குளுக்கோஸாகி, மடியில் லாக்டோஸாகிறது. லாக்டோஸ் தண்ணீரை இழுக்கும் என்பதால், அது எவ்வளவு உண்டாகிறதோ அதைப் பொறுத்தே பாலின் அளவும். பாலில் சுமார் 87 சதவீதம் தண்ணீர்தான். பால்காரர் கை வைப்பதற்கு முந்தைய கணக்கு இது.

ஊறிய பாலில் பெரும்பங்கு நுண்ணறைகளிலேயே தங்கிவிடும். கன்று முட்டினால், அல்லது காம்பைக் கழுவித் தடவினால், சேதி மூளைக்குப் போகிறது. பிட்யூட்டரி சுரப்பி ஆக்சிடோசினை விடுகிறது. ஒரு நிமிடம் போல ஆனதும் அது மடியை எட்டி, நுண்ணறைகளைச் சுற்றியுள்ள தசைச் செல்களைச் சுருக்குகிறது, பால் இறங்குகிறது. இதன் வேகம் சில நிமிடங்களுக்குத்தான். கறவையில் கை ஓயக் கூடாது என்பது அதனால்தான். மாடு மிரண்டால் அட்ரினலின் ஊறி இந்த வேலையைத் தடுத்துவிடும்.

காங்கேயம் போன்ற நாட்டு மாடுகள் பெரும்பாலும் கன்றை ஊட்டவிட்டால்தான் பால் இறக்கும். கலப்பின மாடுகளுக்கு வாளிச் சத்தமே போதும். கன்று செத்துப்போனால் அதன் தோலில் வைக்கோலைத் திணித்து முன்னால் நிறுத்துவதும் உண்டு. தாய் அதை நக்கியபடி பால் விடும். இதற்கெல்லாம் பொறுமையில்லாதவர்கள் ஆக்சிடோசின் ஊசி போடுகிறார்கள். மாட்டின் உடலைக் கெடுக்கும்படி பாலுக்காக ஊசி போடுவது 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம்.

பாதியில் கறவையை விட்டால் நஷ்டம் அளவில் மட்டுமல்ல. முதலில் வருவது நீர்த்த பால், கடைசியில் இறங்குவதில்தான் கொழுப்பு அதிகம்.